டிக்கிக்குள் ஓர் அலங்காரம்

காரின் டிக்கி சாமான் வைப்பதற்காக உருவான இடம். மூடியைத் திறந்ததும் ஒலிபெருக்கியும் விளக்கொளியும் மெத்தைத் தையலும் ஒருங்கே கண்ணில் படும்படி அந்த இடத்தைக் கண்காட்சி மேடையாக மாற்றும் வழக்கம், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வலுப்பெற்று உலகின் பல மூலைகளுக்கும் பரவி, இன்று தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் வீட்டு வாசல் வரை வந்திருக்கிறது. பெருநகர ஆக்சசரீஸ் கடைகளில் பணத்தைக் கொடுத்து இந்த வேலையை முடித்துக்கொள்வோர் எது அழகு என்று மட்டும் யோசித்தால் போதும். சொந்தக் கையால் செய்ய முனைவோர் அதற்கு முன்பாக, காரின் எந்தப் பகுதியைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டமும் மின்னியலும் அதற்குத் தத்தம் வழியில் விடை சொல்கின்றன. அதே விடையை, வேறொரு வண்டியில் ஆண்டுதோறும் பார்த்தே பழகியவர்கள் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் மலைக்கு மேற்கே அமைந்த அடி அண்ணாமலைக்காரர்கள்.

தமிழ்நாட்டுக் கோயில் தேர் இரண்டு வேறுபட்ட பொருள்களின் சேர்க்கை. அடிப்பகுதி, இலுப்பை போன்ற மரங்களில் சிற்பத் தொகுதிகள் செதுக்கி, அச்சும் சக்கரமும் பூட்டி, தலைமுறைகள் தாங்கும்படி செய்யப்படுவது. அதற்கு மேலே எழும் கோபுரம் போன்ற பகுதியோ, திருவிழா நெருங்கும்போது கம்புகளால் சட்டம் கட்டி, வண்ணச் சீலை போர்த்தி, தொம்பை என்று வழங்கும் உருளை வடிவத் துணித் தொங்கல்களை மாட்டி எழுப்பப்படுவது. விழா முடிந்ததும் அவிழ்த்துக் கட்டி வைக்கப்படுவது. கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாளில் அருணாசலேசுவரர் கோயிலின் ஐந்து தேர்களும் ஒன்றன்பின் ஒன்றாக மாடவீதிகளில் வலம் வருவதையும், அவற்றுள் அம்மன் தேரைப் பெண்கள் வடம் பிடித்து இழுப்பதையும் காணும் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தெரிந்த செய்தி இது. அடிப்பகுதியில் கைவைக்க வேண்டிய நிலை வந்தால் அங்கே அலங்காரக்காரருக்கு வேலை இல்லை. பல கோயில் தேர்களுக்கு இரும்பு அச்சும் சக்கரமும் செய்து தருவது திருச்சி பெல் நிறுவனம். கணக்குப் போட்டு, எடை பார்த்து, பொறியாளர் ஒப்பிய பிறகே அவை பூட்டப்படுகின்றன. தாங்கும் பகுதி ஒருவர் பொறுப்பு, தாங்கப்படும் பகுதி இன்னொருவர் பொறுப்பு என்ற இந்தப் பிரிவினை காரின் டிக்கிக்கு அப்படியே பொருந்தும்.

டிக்கி எப்படிக் காட்சிப்பொருளானது என்பதற்குப் பின்னால் ஒரு சட்டத்தின் கதை உண்டு. லாஸ் ஏஞ்சலீஸ் வட்டாரத்து மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள், காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி மெதுவாக ஓட்டிச் செல்வதைப் பெருமையாகக் கொண்டிருந்தனர். ‘லோரைடர்’ எனப்பட்ட அந்தக் கார்களை ஒடுக்கும் வகையில், சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே காரின் எந்த உறுப்பும் இறங்கக்கூடாது என்று 1958-இல் கலிஃபோர்னியா விதி செய்தது. அதையடுத்து ரான் அகிரே என்ற இளைஞர், விமானங்களில் பயன்பட்ட ஹைட்ராலிக் பம்புகளை, அதாவது எண்ணெய் அழுத்தத்தால் பளுவைத் தூக்கும் இயந்திரங்களை, தம் கார்வெட் காரில் பொருத்தி, நிறுத்தும்போது தாழ்த்தவும் காவலர் வரும்போது உயர்த்தவும் வழி கண்டார். இந்த உத்தி பரவியபோது பம்புகளுக்கும் அவற்றை இயக்கும் பேட்டரி வரிசைக்கும் வேறெங்கும் இடமில்லாமையால் அவை டிக்கியில் குடியேறின. அங்கே குடியேறியவற்றை மறைப்பதற்குப் பதிலாகக் குரோமியம் பூசி, வெல்வெட் விரித்து, கண்ணாடி பதித்துக் காட்டத் தொடங்கியபோது டிக்கி தனிக் கலைக்கூடமாயிற்று. நியூ மெக்சிகோவின் சிமாயோ ஊரில் உருவான ‘டேவ்ஸ் ட்ரீம்’ என்னும் லோரைடரான 1969-ஆம் ஆண்டு ஃபோர்டு எல்.டி.டி. இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கிறது. கலிஃபோர்னியா தன் பழைய தடையை விலக்கும் சட்டத்தை 2023-இல் இயற்றி, 2024 தொடக்கத்திலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விரட்டியவர்களே வழிவிட அறுபத்தைந்து ஆண்டுகள் பிடித்தன.

இந்தியாவிலும் சட்டமே டிக்கியை நோக்கி ஆர்வலர்களைத் தள்ளுகிறது என்று சொல்லத் தோன்றுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில், அதாவது பேச்சு வழக்கில் ஆர்.சி. புக்கில், உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் வகுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று அளித்த தீர்ப்பு, உற்பத்தியாளரின் மூல வரையறைகளை மாற்றுவதே இப்பிரிவு தடுப்பது என்றும், சான்றிலுள்ள பிற விவரங்களில் வரும் மாற்றங்களை உரிய முறையில் பதிவு செய்துகொள்ளலாம் என்றும் விளக்கியது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் மாற்றி எழுதப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. வண்ணம், இருக்கை எண்ணிக்கை, வெற்று எடை ஆகியவை ஆர்.சி.யில் எழுதப்பட்டிருப்பவை, ஆகவே பின் இருக்கையைக் கழற்றி எறிந்து மேடையை நீட்டுவது விதிமீறலாகும். டிக்கியின் உள்ளே விரித்த துணியின் நிறமோ, வைத்த பெட்டியின் வடிவமோ ஆர்.சி.யில் எங்கும் இல்லை. வெளியே சக்கரத்தை அகலப்படுத்தினாலோ உயரத்தைக் குறைத்தாலோ சாலையிலேயே மறிக்கப்படும் ஆர்வம், மூடிக்குள் வந்தால் மூச்சு விடுகிறது. ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு: உள்ளே சேர்ப்பவை எல்லாம், தேர்ச்சீலையைப் போல, கழற்றினால் கழன்றுவர வேண்டும். தகட்டை வெட்டுவதும், இருக்கை முதுகைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் துளை போடுவதும் அலங்காரம் அல்ல. காரின் எலும்பில் கைவைப்பது.

எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதைத் தீர்மானித்ததிலும் அரசுக்குப் பங்கு உண்டு. நான்கு மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட கார்களுக்கு 2006-இல் கலால் வரிச் சலுகை வந்ததிலிருந்து, செடான் கார்களின் வால் வெட்டப்பட்டது. 2012-இல் சுருக்கி வெளிவந்த டிசையரின் டிக்கிக் கொள்ளளவு 316 லிட்டர், 2017-இன் அடுத்த தலைமுறையில் 378 லிட்டர். முழு நீளச் செடானான ஹோண்டா சிட்டியில் அது 506 லிட்டர். சி.என்.ஜி. உருளை பொருத்திய காரில் மேடைக் கனவையே விட்டுவிட வேண்டும். உருளையின் பிடிகளில் எதையும் மாட்டுவதும், காற்றோட்டத்தை அடைத்து அதன்மேல் பலகை மூடுவதும் ஆபத்து.

வேலை தொடங்குவது அட்டையில். பழைய அட்டைப் பெட்டிகளை வெட்டி, சக்கர வளைவின் புடைப்பும் பின்விளக்கு உள்வாங்கும் குழியும் பொருந்தும் வரை திருத்தி எடுத்த வார்ப்பை, பிளைவுட்டின்மீது வைத்துக் கோடு போட வேண்டும். நேரடியாகப் பலகையை அறுப்பவர் பலகையை வீணாக்குவார். இந்த மேடைப் பலகையைக் காரோடு பிணைப்பதற்குத் தரையைத் துளைப்பதே புதியவர்கள் செய்யும் முதல் வேலை. கீழே பெட்ரோல் டேங்கும் பிரேக் எண்ணெய்க் குழாயும் ஓடும் காரில் அதைவிட மோசமான தொடக்கம் இல்லை. எதிலும் படாமல் தப்பிய துளையும் அடுத்த மழைக்காலத்தில் துருவின் வாயிலாகும். உற்பத்தியாளரே ஒரு நல்ல பிடிமானத்தைத் தந்திருக்கிறார். ஸ்டெப்னியை இறுக்கி வைக்கும் நடு போல்ட்டுக்குப் பதிலாக அதே மரையில் நீளமான போல்ட் ஒன்றைப் போட்டால், அது ஸ்டெப்னியையும் பிடித்து, மேலேயுள்ள பலகையையும் பிடிக்கும். சாமான் கட்டுவதற்கென உள்ள கொக்கிகளில் இரண்டு நாடாக்களைச் சேர்த்தால் மேடை அசையாது. பஞ்சர் ஆன இரவில் பலகையை எவ்வளவு விரைவில் தூக்க முடிகிறது என்பது, எந்தப் போட்டி நடுவரும் மதிப்பெண் போடாவிட்டாலும், நல்ல வேலைக்கு உரைகல்.

பலகையின் தரத்தில் மிச்சம் பிடிப்பது வேண்டாத வேலை. மர இழைகளைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை ஒலிப்பெட்டிக்கு ஏற்றதென்று பேர்பெற்றது. அடர்த்தி சீராக இருப்பதால் அது அதிர்ந்து இரையாது. ஆனால் கார்த்திகை மாதம் வடகிழக்குப் பருவமழையின் மாதமும் ஆகையால், திறந்த டிக்கியில் ஒரு தூறல் விழுந்தாலே எம்.டி.எஃப். விளிம்பு ஊறிப் புடைத்துவிடும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள, தண்ணீர் தாங்கும் பிளைவுட்டைக் கடையில் ‘710’ என்றே கேட்டு வாங்கலாம். விலை கூடுதல்தான், ஆனால் எடை குறைவு. டிக்கித் தரையின் பள்ளத்தில் தண்ணீர் வடிய வைத்திருக்கும் ரப்பர் அடைப்பை மேடைக்கடியில் புதைத்துவிடக் கூடாது. வெயிலும் இங்கே சளைத்ததன்று: சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காரின் உட்புறம் 60 பாகை செல்சியசைத் தாண்டும்போது சாதாரண ரப்பர் பசை இளகி, ஒட்டிய துணி தொய்ந்து தொங்கும். வெப்பம் தாங்கும் பசையைக் குஷன் கடைக்காரர்கள் அறிவர்; பலகையின் பின்புறம் துணியை மடித்து ஸ்டேப்பிள் அடிப்பதையும் அவர்களிடமிருந்தே கற்கலாம்.

ஒலி என்று வரும்போது தமிழ்நாட்டு ஆர்வலருக்கு வெளிநாட்டினருக்கு இல்லாத ஒரு வசதி வாய்த்திருக்கிறது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பெட்டி வைக்கும் சவுண்ட் சர்வீஸ்காரர் ஊருக்கு ஊர் உண்டு. பெட்டியின் கொள்ளளவுக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள உறவை அவர் கைப்பழக்கமாக அறிந்திருப்பார். அடர்ந்த கீழ்ச்சுருதியை மட்டும் எழுப்பும் சப்வூஃபர் 12 அங்குல அளவினதாயின், முற்றிலும் மூடிய பெட்டிக்குச் சுமார் 30 லிட்டர் போதும். காற்று போய்வரும் குழாய் வைத்த பெட்டிக்கு அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வேண்டும். குழாய்ப் பெட்டி ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணையொட்டி மிகுதியாக முழங்கும், அதனால் போட்டிக்காரர்கள் அதை விரும்புவார்கள். தவிலின் தொப்பிப் பக்கத்து அடி ஒவ்வொன்றும் தனித்தனியே விழ வேண்டும் என்று விரும்புகிறவருக்கு மூடிய பெட்டியே உகந்தது. திருவண்ணாமலைக் காருக்கு அதுவே பொருத்தம்.

ஆனால் சவுண்ட் சர்வீஸ் அனுபவம் வழுக்கிவிடும் இடமும் ஒன்று உண்டு; அது கம்பியின் தடிமன். மேடையில் 1,000 வாட் கருவி 230 வோல்ட் மின்சாரத்தில் ஏறக்குறைய நான்கரை ஆம்பியர் மட்டுமே இழுக்கும். அதே திறனை 12 வோல்ட் காரில் பெற வேண்டுமாயின், ஓடும் இன்ஜினில் மின்னழுத்தம் 13.8 வோல்ட் இருந்து, ஆம்ப்ளிஃபயர் எண்பது விழுக்காடு திறமையோடு இயங்கினாலும், 90 ஆம்பியர் ஓடும். சிறிய காரின் ஆல்டர்னேட்டர், அதாவது ஓடும்போது பேட்டரிக்கு மின்னூட்டும் கருவி, மொத்தமாகத் தருவதே அந்த அளவை ஒட்டித்தான் இருக்கும். வீட்டு ஒயரிங் கம்பியை இதற்குப் பயன்படுத்தினால் அது அடுப்புக் கம்பியாகச் சிவக்கும். முன்னாலுள்ள பேட்டரியிலிருந்து டிக்கிவரை ஐந்து மீட்டர் ஓடும் இந்த இணைப்புக்கு 25 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள சுத்தமான செப்புக் கம்பியாவது தேவை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும், அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய கம்பி, அதே தடிமனில் செம்பின் மூன்றில் இரண்டு பங்கு அளவே மின்சாரத்தைக் கடத்தும். நுனியைச் சுரண்டிப் பார்த்தால் வெள்ளை தெரிந்துவிடும்.

ஃப்யூசின் இடம் பற்றிய அறியாமையே இந்தத் துறையின் பெரும்பாலான தீ விபத்துகளுக்குக் காரணமாகத் தோன்றுகிறது. காரின் உடல் முழுவதும் பேட்டரியின் எதிர்முனையோடு இணைந்திருப்பதால், நேர்முனைக் கம்பியின் உறை எங்கேனும் தேய்ந்து தகட்டில் பட்டால் போதும், நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து கம்பியே எரியும். ஃப்யூஸ் காப்பது ஆம்ப்ளிஃபயரை அன்று, கம்பியை. ஆகவே அது டிக்கியில் அழகாகத் தெரிய வேண்டிய பொருளும் அன்று. அது பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும். கார் ஒலிப் போட்டிகளை உலக அளவில் நடத்தும் ஐயாஸ்கா அமைப்பு, பேட்டரியிலிருந்து 18 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 45 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும் என்பதை விதியாக வைத்திருக்கிறது. கம்பி இன்ஜின் அறைத் தகட்டைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் வளையம் போட வேண்டும் என்பதும், மூடியின் கீல் அருகே நூறு முறை மடங்கி விரியும் கம்பியை ஏற்கெனவே உள்ள ரப்பர் உறைக்குள்ளேயே செலுத்த வேண்டும் என்பதும் அதே அக்கறையின் தொடர்ச்சிகள்.

கண்காட்சியில் கார் நின்றுகொண்டிருக்கும், இன்ஜின் அணைந்திருக்கும். அங்கே பேட்டரியை வடிப்பது ஒலி மட்டுமன்று, ஒளியும்தான் என்பது பலரை வியக்க வைக்கும். மீட்டருக்கு 60 விளக்குகள் உள்ள எல்.இ.டி. பட்டையில் பெரியரக விளக்குகளாயின் மீட்டருக்கு 14 வாட் செலவாகும். ஐந்து மீட்டர் பட்டை 6 ஆம்பியர் இழுக்கும். 45 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு மணி நேரத்துக்குள் பாதிக்கும் கீழே இறங்கிவிடும், அதற்குப் பின் ஸ்டார்ட் ஆவது பேட்டரியின் வயதைப் பொறுத்தது. டிக்கியில் இரண்டாவது பேட்டரி வைப்போர், திரவம் ததும்பும் சாதாரண ரகத்தைத் தவிர்க்க வேண்டும். மின்னேற்றத்தின்போது அது வெளியிடும் ஹைட்ரஜன் மூடிய இடத்தில் தங்கும். மூடி அடைத்த ஏ.ஜி.எம். வகை இதற்குரியது. மின்வசதி உள்ள திடலில் 12 வோல்ட் பவர் சப்ளை ஒன்றை வெளியிலிருந்து இணைப்பதே எளிது, மலிவு.

பெட்டி, ஆம்ப்ளிஃபயர், பேட்டரி, பலகை எல்லாம் சேர்ந்தால் 60 கிலோவை எளிதில் தொடும். வளர்ந்த ஓர் ஆள் எப்போதும் பின் அச்சுக்கும் அப்பால் உட்கார்ந்திருப்பதற்கு அது சமம். பின்பக்கம் தாழ்ந்து, ஹெட்லைட் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். மூடியின் உட்புறத்தில் கண்ணாடியோ திரையோ மாட்டினால், அதைத் தாங்கும் வாயு நிரப்பிய தண்டுகள் பளு தாளாமல், பார்வையாளர் தலைமேல் மூடி இறங்கும் அபாயமும் உண்டு. மூடியின் உட்புறம் பார்வையின் நேர்மட்டத்தில் நிற்பதால் அதை வெறுமையாக விடவும் மனம் வராது. அங்கே துணிதான் தக்க பொருள். தஞ்சைப் பகுதியில் தேர்களுக்காகவே வெட்டுத்துணி ஒட்டுத்தையலில் யாளியும் அன்னமும் வைத்துத் தொம்பை தைப்போர் இருக்கும்போது, தமிழ்நாட்டு டிக்கிகள் பெரும்பாலும் நீல நியானையும் அமெரிக்கத் தீச்சுவாலைப் படத்தையுமே நகலெடுத்துக்கொண்டிருப்பது ஏன் என்று விளங்கவில்லை. அத்தகைய துணிக்கு எடையும் இல்லை, அதைக் கழற்றித் துவைக்கவும் முடியும்.

இதற்கு நேர்மாறான அழகுணர்வும் ஒன்று இருக்கிறது. சென்னையின் மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் நடத்தும் பழங்கார்க் காட்சிகளிலும், தில்லியின் 21 கன் சல்யூட் போன்ற நிகழ்ச்சிகளிலும் மதிக்கப்படுவது, ஆலையிலிருந்து வந்த நாளில் டிக்கி எப்படி இருந்ததோ அப்படியே இருப்பது: அதே கருவிப் பை, அதே ஜாக்கி, அதே ரப்பர் விரிப்பு. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டிகளைப் பார்ப்பவர், காரை மாற்றாமல் வைத்திருப்பதும் கைத்திறனே என்பதை உணர்வார். இன்றைய காரை அலங்கரிப்பவர் ஆலையின் கருவிப் பையையும் ரப்பர் விரிப்பையும் வீட்டுப் பரணில் பத்திரப்படுத்தி வைத்தால், முப்பது ஆண்டு கழித்து அதே கார் இந்த இன்னொரு வரிசையிலும் நிற்கலாம்.

அடி அண்ணாமலையில் காட்சிக்கு வைப்பதில் ஊருக்கே உரிய வரம்புகளும் உள்ளன. ஆதி அருணாசலேசுவரர் கோயில் அமைந்த இவ்வூரில்தான் மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடினார் என்பது மரபு; 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பௌர்ணமி தோறும் மக்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். மகாதீபத்துக்குப் பின்னரும், தை மாதத் திருவூடல் விழாவிலும் அண்ணாமலையாரே மலையைச் சுற்றி இவ்வழியே வருகிறார். அந்த நாள்களில் பாதையில் வாகனங்களுக்குக் கட்டுப்பாடு இருக்கும். அன்னதானப் பொட்டலத்துக்காகத் திறக்கும் டிக்கிகளே அப்போது மதிக்கப்படுவன. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பு வைத்து, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. ஆகவே டிக்கியைக் காட்சிக்கு வைக்க ஆயுத பூசை நாளே ஏற்ற நாள். வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் இட்டு, ஊரே தன் வண்டியை வாசலில் நிறுத்திக் காட்டும் அன்று, திறந்த டிக்கியும் அந்த வரிசையில் இயல்பாகச் சேர்ந்துகொள்ளும்.

மிஞ்சுவது காகித வேலை. காரோடு வராத மின்கருவிகளின் மதிப்பை இன்சூரன்சில் தனியே அறிவித்துக் கூடுதல் பிரீமியம் கட்டாவிட்டால், திருட்டோ தீயோ நேரும்போது அவற்றுக்கு இழப்பீடு கிடைக்காது. மின்கம்பி வேலையின் குறையால் தீப்பிடித்ததாகத் தெரிந்தால் காருக்கான இழப்பீடே வாதத்துக்கு உள்ளாகும். ஆகவே மேடை அமைக்கும்போதே கம்பி ஓடும் வழியையும் ஃப்யூசின் இடத்தையும் படமெடுத்து வைப்பது நல்லது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். அன்று காலையில் ஒரு ஸ்பேனரை மட்டும் வைத்துக்கொண்டு மேடை முழுவதையும் இறக்கி, பரணிலுள்ள பழைய விரிப்பை மீண்டும் விரித்துவிட முடிந்தால் போதும்.